அட்டையில் மிச்சமிருந்த ஆறு மாத்திரைகள்: மனச்சோர்வு மருந்து எப்படி வேலை செய்கிறது?

போன வருடம் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, மதுரை மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் எங்கள் மெடிக்கல் கடைக்கு வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். பத்தில் நான்கு காலி.

“அண்ணே, மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கிருவீகளா? எனக்கு ஒத்துக்கிரல. குமட்டுது, இருந்த தூக்கமும் போச்சு. மனசு மட்டும் அப்படியேதான் கெடக்கு. நரம்புத் தளர்ச்சி வந்திரும்னு மச்சான் வேற பயமுறுத்துறாரு.”

பிரித்த அட்டையைத் திருப்பி வாங்க முடியாது என்பது ஒரு பக்கம். ஆனால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான்கு நாளில் அந்த மாத்திரை செய்யக்கூடியது அவ்வளவுதான். குமட்டலைத் தந்தாயிற்று, பலன் வர இன்னும் நாள் இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். இருபது வருடமாகக் கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்கிறவன். இந்த மாத்திரைகளைப் பற்றி என் காதில் விழும் புகார்களில் பெரும்பாலானவை இரண்டு நேரங்களைச் சேர்ந்தவை. ஒன்று, சாப்பிட ஆரம்பித்த முதல் பத்து நாள். மற்றது, சட்டென்று நிறுத்தியபின் வரும் பத்து நாள். நடுவில் கிடக்கும் மாதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குணமானவர் அதைத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார், பெண் கொடுக்கிறவர்கள் காதில் விழுந்துவிடுமே என்று. அதனால் ஊரில் உலவும் பேச்சு முழுவதும் அந்த இருபது நாட்களின் பேச்சாகவே இருக்கிறது.

முதலில் சொல்லைச் சரிசெய்வோம்

தமிழில் இந்த விஷயம் குழம்புவதற்குப் பாதிக் காரணம் ‘மன அழுத்தம்’ என்ற சொல். பிளஸ் டூ தேர்வு நெருங்கும்போது வருவதும் மன அழுத்தம், கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது வருவதும் மன அழுத்தம். படுக்கையை விட்டு எழ முடியாமல் மாதக்கணக்கில் கிடப்பவருக்கும் செய்தித்தாள் அதே பெயரைத்தான் வைக்கிறது. முதல் இரண்டும் ஸ்ட்ரெஸ். வெளியே இருக்கும் சுமை இறங்கினால் அதுவும் இறங்கிவிடும். மூன்றாவது டிப்ரஷன் என்ற நோய். அதை மனச்சோர்வு என்று தனியாகச் சொல்வது நல்லது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது மட்டுமே.

பூ வியாபாரி பிறகொரு நாள் சொன்ன ஒரு வரி, பாடப்புத்தகத்தின் அரைப் பக்கத்துக்குச் சமம்: “விடியக்காலம் மூணு மணிக்கு மார்க்கெட்ல நிக்கிறேன், சுத்தி மூட்டை மூட்டையா மல்லி. எனக்கு அந்த வாசமே ஏறலண்ணே.” எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, அல்லது நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பது. இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். கூடவே தூக்கம் கெடுவது, பசி மாறுவது, உடம்பு தளர்வது, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது, கவனம் நிற்காதது, தன்னைப் பயனற்றவராகவோ குற்றவாளியாகவோ நினைப்பது, சாவைப் பற்றிய எண்ணம். இந்த ஒன்பதில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அநேகமாகத் தினமும் இருந்து, அன்றாட வாழ்க்கையையும் கெடுத்தால், அதை மருத்துவர்கள் பெரும் மனச்சோர்வு என்கிறார்கள்.

நம் பக்கத்தில் இது பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசும். ‘தலை பாரமா இருக்கு’, ‘உடம்பெல்லாம் வலிக்குது’, ‘நெஞ்சு படபடங்குது’ என்று ஆரம்பித்து, சத்து டானிக், ஸ்கேன், பாண்டி கோயில், கோரிப்பாளையம் தர்கா என்று ஒரு சுற்று முடிந்த பிறகுதான் மனநல மருத்துவரிடம் வருவார்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே கிடைக்கும் ஆறுதல் நிஜமானது. ஆனால் இடையில் ஓடிவிடும் ஒன்றிரண்டு வருடம் திரும்ப வராது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வந்திருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை.

இன்னொன்று, தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே வேடம் போடும். அதனால்தான் நல்ல மருத்துவர் மாத்திரை எழுதும்போதே ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுக்கிறார்.

சுக்கும் தலைவலியும்

‘மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது.’ பல காலமாகப் பரவியிருக்கும் விளக்கம் இது. சொல்வதற்கு எளிது, கேட்பதற்கும் எளிது. சரியா என்றால், பாதிதான்.

செரட்டோனின் என்பது நரம்புச் செல்கள் தமக்குள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருட்களில் ஒன்று. ஒரு நரம்புச் செல்லும் அடுத்த செல்லும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அதற்கு சினாப்ஸ் என்று பெயர். முதல் செல் செரட்டோனினை இந்த இடைவெளியில் விடுகிறது. அது அடுத்த செல்லைத் தொட்டுச் சேதி சொல்கிறது. வேலை முடிந்ததும் முதல் செல்லே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த இழுப்புக்கு மறு உறிஞ்சல் என்று பெயர்.

பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர் பக்கத்து வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடை வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது, இன்னொரு மடை வழியாக வடிந்து போகிறது. மாத்திரை புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொண்டுவருவதில்லை. வடியும் மடையைப் பாதி அடைக்கிறது, அவ்வளவுதான். இருக்கும் தண்ணீரே வயலில் கூடுதல் நேரம் நிற்கிறது. இப்படிச் செரட்டோனினின் மடையை மட்டும் அடைக்கும் மருந்துக் கூட்டத்துக்கு எஸ்எஸ்ஆர்ஐ என்று பெயர். எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் எல்லாம் இந்தக் கூட்டம். வென்லாஃபாக்சின், டியூலோக்ஸெட்டின் போன்றவை நார்அட்ரினலின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் மடையையும் சேர்த்து அடைக்கின்றன. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் ஆகியவை பழைய தலைமுறை. அவை மடையை அடைப்பதோடு நில்லாமல் அக்கம்பக்கத்து வாய்க்கால்களிலும் கை வைக்கும். அதனால் வாய் உலர்வது, மலச்சிக்கல், கண் மங்குவது அதிகம்.

வடிமடையை அடைத்தால் தண்ணீர் சில மணி நேரத்தில் ஏறிவிடும். மூளையிலும் அப்படித்தான். முதல் மாத்திரை விழுந்த அன்றே மறு உறிஞ்சல் குறைகிறது. ஆனால் தண்ணீர் ஏறிய அன்றே பயிர் பச்சை கட்டிவிடுமா? வேர் பிடிக்க வேண்டும், புதுத் தூர் வெடிக்க வேண்டும். நரம்புச் செல்களும் இந்த மாற்றத்துக்குப் பழகி, தங்கள் உணர்வு முனைகளைத் திருத்தி, தமக்குள் புதிய இணைப்புகளை வளர்க்க வாரங்கள் பிடிக்கின்றன. மனம் தேறத் தாமதமாவதற்கு ஆய்வாளர்கள் இதைத்தான் முக்கியக் காரணமாகப் பார்க்கிறார்கள்.

சரி, மடையை அடைத்ததும் பயிர் தேறியது என்பதால், வயலில் தண்ணீர் குறைந்ததுதான் வாட்டத்துக்குக் காரணம் என்று சொல்லலாமா? சுக்குக் காபி குடித்துத் தலைவலி விட்டது என்பதற்காக, உடம்பில் சுக்குக் குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று யாராவது சொல்வோமா? 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். உடனே ‘மாத்திரை வேலை செய்யாது’ என்று செய்தி பரவிவிட்டது. அந்த ஆய்வு கேட்டது சுக்குக் குறைவா என்ற கேள்வியை. சுக்குக் காபி கேட்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு மனிதர்களிடம் மருந்தைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

உண்மையில் இந்த மருந்துகளின் கதையே விளக்கத்திலிருந்து தொடங்கவில்லை, ஒரு தற்செயலிலிருந்து தொடங்கியது. 1952இல் நியூயார்க்கில் ஒரு காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைச் சோதித்தபோது, நோயாளிகள் எதிர்பாராத அளவுக்கு உற்சாகமானார்கள். அதன் உடன்பிறப்பான ஐசோனியாசிட்டை இன்றும் நம்மூர்க் காசநோயாளிகள் சாப்பிடுகிறார்கள். தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைக் கேட்டால் தெரியும். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் வேறொரு மனநோய்க்காகச் சோதித்த இமிப்ரமின், மனச்சோர்வுக்குக் கேட்பதை 1950களின் நடுவில் கவனித்தார். மருந்து முதலில் வந்தது, மடை விளக்கம் பிறகு வந்தது.

இதுவரை வந்த வழி: மனச்சோர்வு வெறும் ஸ்ட்ரெஸ் இல்லை. மாத்திரை செரட்டோனினை நிரப்புவதில்லை, வடியாமல் நிறுத்துகிறது. நிறுத்துவது அன்றைக்கே நடக்கும், பயிர் தேறுவது வாரங்கள் கழித்து.

நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேர்?

‘ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள்’ என்பார்கள். எந்த மருந்தின் பலனை அளக்கவும் இந்தப் பழமொழிதான் முதல் தடை. தானாகக் குணமாகியிருக்கக் கூடியவரையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அதனால் ஆய்வுகளில் ஒரு பாதிப் பேருக்கு மருந்தும், மறுபாதிப் பேருக்கு அதே உருவத்தில் மருந்தில்லாத மாத்திரையும் கொடுக்கிறார்கள். இந்த வெற்று மாத்திரைக்கு பிளாசிபோ என்று பெயர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது.

தோராயமாக வருவது இது. மருந்து சாப்பிட்ட 100 பேரில் சுமார் 50 பேருக்கு இரண்டு மாத அளவில் அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைகின்றன. பிளாசிபோ சாப்பிட்ட 100 பேரில் 35 முதல் 40 பேருக்கு அதே அளவு குறைகிறது. அப்படியானால் மாத்திரைக்குள் இருக்கும் ரசாயனத்தால் மட்டும் கூடுதலாகத் தேறியவர்கள் 100க்கு 10 முதல் 15 பேர்.

இந்த ஒரே கணக்கை வைத்துத்தான் இரண்டு கட்சியும் சண்டை போடுகின்றன. ஒருவர் ‘பாதிப் பேருக்குக் குணமாகிறது’ என்பார். மற்றவர் ‘எல்லாம் பிளாசிபோதான்’ என்பார். 2008இல் இர்விங் கிர்ஷ் குழு, மனச்சோர்வின் கடுமையை அளக்கும், 52 மதிப்பெண் வரை போகும் ஹாமில்டன் அளவுகோலில் மருந்துக்கும் பிளாசிபோவுக்கும் சராசரி வித்தியாசம் 2 மதிப்பெண்கூட இல்லை என்று காட்டியது. 2018இல் ஆந்த்ரேயா சிப்ரியானி குழு 522 ஆய்வுகளையும் 1,16,477 பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, 21 மருந்துகளும் பிளாசிபோவைவிட மேல் என்று சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும், ஆனால் இல்லை. பலன் இருக்கிறது, சராசரியில் அது மிதமானது.

சராசரி என்பதும் ஒரு மாயம். வைகைக் கரையில் நின்று ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் என்று சொன்னால், குழியில் இறங்குகிறவருக்கு அது உதவாது. 2 மதிப்பெண் வித்தியாசம் என்றால் எல்லாருக்கும் 2 மதிப்பெண் தேறியது என்று அர்த்தமாகாது. சிலருக்கு நிறையத் தேறியிருக்கலாம், பலருக்குக் கொஞ்சமும் தேறாமல் இருக்கலாம். நான் கடையில் பார்ப்பது அப்படித்தான் இருக்கிறது, ஆனால் என் கடை ஒன்றும் ஆய்வுக்கூடம் இல்லை.

பிளாசிபோவில் தேறிய அந்த 35 பேரையும் ஏளனமாகப் பார்க்கக் கூடாது. அவர்களுக்குக் கிடைத்தது வெறும் மாவு மாத்திரை மட்டுமில்லை. வாரம் தவறாமல் ஒருவர் உட்கார வைத்து ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டார், பதிலைக் காதுகொடுத்துக் கேட்டார். மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் இடங்களில் மாத்திரை கிடைக்கிறது, இந்தப் பாதி கிடைப்பதில்லை.

லேசான மனச்சோர்வில் மருந்தின் கூடுதல் பலன் சுருங்கிவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் பிரிட்டனின் 2022 வழிகாட்டி, தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கு மாத்திரையை முதல் சிகிச்சையாக வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பேச்சு வழிச் சிகிச்சை, உடற்பயிற்சி போன்றவற்றை முன்னால் வைக்கிறது. ‘நம்மூரில் அதற்கெல்லாம் ஆள் ஏது’ என்று கேட்பீர்கள். கோவாவில் மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளை ஆறு முதல் எட்டு முறை சந்திக்க வைத்தார்கள். விட்டுப்போன சிறுசிறு காரியங்களை மறுபடி தொடங்கவைப்பதுதான் சிகிச்சையின் சாரம். 2017இல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் நோய் தணிந்தவர்கள் 64 சதவீதம்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். சேர்க்கப்பட்டவர்கள் லேசான நோயாளிகளும் இல்லை.

நடுத்தரம் முதல் கடுமையான மனச்சோர்வில் மாத்திரைக்கு உறுதியான இடம் இருக்கிறது. அங்கேயும் முதல் மாத்திரையிலேயே பூரண குணம் எல்லாருக்கும் வராது. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரை வைத்து நடந்து 2006இல் முடிவுகள் வந்த பெரிய ஆய்வில், முதல் மருந்தில் அறிகுறிகள் அநேகமாக முற்றிலும் மறைந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மருந்தை மாற்றியோ இன்னொன்றைச் சேர்த்தோ பார்த்தபோது மேலும் பலர் தேறினார்கள். முதல் மாத்திரை கேட்கவில்லை என்பது சிகிச்சையின் முடிவில்லை.

முதல் பத்து நாள்

உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதம் அளவுக்குக் குடலில்தான் இருக்கிறது. மூளையின் மடையை அடைக்கப் போன மாத்திரை வழியில் குடலின் மடையையும் அடைத்துவிட்டுப் போகிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை எல்லாம் அதன் வேலை. ‘இங்கிலீஷ் மருந்து சூடு, வயித்தப் புரட்டுது’ என்று சொல்வதும் இதைத்தான். கூடவே தலைவலி, வியர்வை, ஒருவித படபடப்பு, தூக்கம் கெடுதல் அல்லது அளவுக்கு மீறிய அசதி. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி, பெரும்பாலானவருக்கு இவை ஒன்று இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதும், குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றுவதும் கடியைக் குறைக்கும். தூக்கத்தைக் கெடுத்தால் காலையில், அசத்தினால் இரவில் என்று மருத்துவர் நேரத்தையும் மாற்றித் தருவார்.

பலன் வரும் வரிசையும் வேறு. பலருக்கு இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தூக்கமும் பசியும் கொஞ்சம் சீராகும். மனம் கடைசியில்தான் வரும். பெரும்பாலும் வீட்டிலிருப்பவர்கள் கண்ணில் முதலில் படும்: ‘நேத்து தானா டீ போட்டுக் குடிச்சாரு.’ கேட்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க, சரியான அளவில் நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். பூ வியாபாரி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தது நான்காவது நாள்.

இந்தப் பத்து நாளில் பொறுத்துக்கொள்ளக் கூடாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று இளையவர்களுக்கானது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினரிடம் நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்கும் பிளாசிபோவில் 2 சதவீதம் பேருக்கும் தற்கொலை எண்ணமோ நடத்தையோ தோன்றியிருந்தது. அந்த ஆய்வுகளில் எவரும் இறக்கவில்லை. 2004இல் அமெரிக்க மருந்துத் துறை அட்டைப்பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்க வைத்தது. 2007இல் அதை 24 வயதுவரை நீட்டியது. வயது கூடிய பெரியவர்களிடம் இந்த ஏற்றம் காணப்படவில்லை. கல்லூரிப் பிள்ளைக்கு மாத்திரை ஆரம்பித்தால் முதல் சில வாரம் வீட்டில் ஒருவர் கண்வைத்திருக்க வேண்டும். தவிப்பு கூடினாலோ, சாவைப் பற்றிய பேச்சு வந்தாலோ அடுத்த அப்பாயிண்ட்மென்ட்வரை காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இரண்டாவது, மாத்திரை ஆரம்பித்த சில நாளில் ஆள் தலைகீழாக மாறுவது. தூங்காமலே சுறுசுறுப்பு, ஓயாத பேச்சு, கையில் இருக்கும் காசையெல்லாம் இறைப்பது. ‘ஆஹா, மருந்து கேட்டுருச்சு’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். இது பைபோலார் என்ற வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது ஆபத்து. முன்பு எப்போதாவது இப்படி ஒரு ‘தூக்கலான’ காலம் இருந்திருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

‘தூக்க மாத்திரைதானே?’

இல்லை. ஆனால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நம் நாட்டில் எஸ்சிட்டாலோபிராமையும் குளோனசிபாமையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். சீட்டில் அது சர்வசாதாரணமாக வருகிறது. குளோனசிபாம் மனச்சோர்வு மருந்தே இல்லை. அது பதற்றத்தை உடனே தணித்துத் தூக்கம் தரும் வேறு கூட்டம். முதல் வாரங்களின் படபடப்பைக் கடக்க உதவும் என்று சேர்க்கிறார்கள். சில வாரத்தில் அதை விலக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அளவும் ஏறும். சேர்ந்தே இருக்கும் மாத்திரையில் ஒன்றை மட்டும் எப்படி விலக்குவது? பழைய சீட்டையே வருடக்கணக்கில் நீட்டி வாங்குகிறவர்களை நான் திருப்பி அனுப்புவது இதனால்தான். அசதியும் அடிமைத்தனமும் குளோனசிபாமின் வேலை. பழி விழுவது எஸ்சிட்டாலோபிராம் மேல். உங்கள் அட்டையில் இரண்டு பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘இதில் எதை எப்போது நிறுத்துவோம்’ என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இதற்கு நேரெதிர்க் குழப்பமும் உண்டு. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் எழுதுவார்கள். வீட்டுக்குப் போய் போனில் தேடிப் பார்த்துவிட்டு, ‘எனக்கு எதுக்கு மெண்டல் மாத்திரை குடுத்தாங்க’ என்று சண்டைக்கு வருவார்கள். ஒரே மருந்து அளவைப் பொறுத்து இரண்டு வேலை செய்யும், அவ்வளவுதான்.

அடங்காத விளைவுகள்

முதல் பத்து நாள் தொல்லைகள் சத்தமாக வந்து போய்விடும். சத்தமில்லாமல் தங்கிவிடுபவைதான் யோசிக்க வேண்டியவை.

அதில் முதலாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. தாம்பத்திய ஆசை குறைவதும் உச்சம் தள்ளிப்போவதும் எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளில் மிகச் சாதாரணம். தானாகச் சொல்லட்டும் என்று விட்ட ஆய்வுகளில் எண்ணிக்கை சிறியது. நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில் பாதிப் பேர் அளவுக்குக்கூடப் போகிறது. ஆண்கள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து சுற்றி வளைத்துக் கேட்பார்கள். பெண்கள் கேட்பதே இல்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், இந்தத் தொல்லை குறைந்த புப்ரோபியான், மிர்டாசபின் போன்றவற்றுக்கு மாற்றலாம். மிர்டாசபினுக்கு வேறு குணம்: பசியையும் எடையையும் ஏற்றிவிடும். அரிதாகச் சிலருக்கு, நிறுத்திய பிறகும் இந்தத் தாம்பத்தியக் குறை நீடிப்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் எச்சரிக்கையாகச் சேர்க்கச் சொன்னது.

இரண்டாவது, உணர்ச்சி மழுங்குவது. ‘அழுகை நின்னுருச்சு, ஆனா சிரிப்பும் வரல’ என்று ஒரு டீச்சரம்மா சொன்னார். நோயின் மிச்சமாகவும் இருக்கலாம், மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். எது என்று பிரிப்பது மருத்துவரின் வேலை, சொல்வது நம் வேலை.

வயதானவர்களுக்கு ஒரு தனி ஆபத்து, அதிலும் நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில். இந்த மருந்துகள் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் என்ற உப்பைக் குறைத்துவிடும். பிரஷருக்காகச் சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். அப்பத்தா திடீரென்று பேச்சுத் தடுமாறி, தள்ளாடி, ஆளை மாற்றிச் சொன்னால் ‘வெயில்ல அப்படித்தான்’ என்று விடக் கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மூட்டுவலி மாத்திரைகளோடும் ஆஸ்பிரினோடும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்புக் கூடும். டிராமடால் என்ற வலி மருந்தோடும், லினிசோலிட் என்ற கிருமிக்கொல்லியோடும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறி ஏறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் டாக்டரானாலும் சரி, இந்த அட்டையையும் கையில் எடுத்துப் போவது நல்லது. சட்டைப் பையில் ஒளித்து வைப்பதில்தான் பாதி ஆபத்து.

கடைசிப் பத்து நாள்

மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையம் போகும் டவுன் பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது குதித்தால் விழுவோம். பஸ்ஸுக்கு அடிமையானதால் விழுவதில்லை. அது நிற்பதற்குள் இறங்கியதால் விழுகிறோம். மாதக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையை ஒரே நாளில் விட்டால் சிலருக்குத் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், கலவரக் கனவுகள், தலைக்குள் ‘சுர்ர்’ என்று கரண்ட் அடிக்கிற மாதிரி உணர்வு எல்லாம் வரும். வென்லாஃபாக்சினிலும் பராக்ஸெட்டினிலும் இது அதிகம். உடம்பிலிருந்து மெல்ல வெளியேறும் ஃப்ளூவாக்ஸெட்டினில் குறைவு. 2024இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேரிடம் இத்தகைய அறிகுறிகளைக் கண்டது. பிளாசிபோவை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். மருந்தின் கணக்கில் சேர வேண்டியவர் ஆறேழு பேரில் ஒருவர்.

‘பார்த்தீங்களா, விட முடியல, அடிமையாக்கிருச்சு’ என்று இதைத்தான் சொல்கிறார்கள். அடிமைத்தனம் என்றால் அதற்காக மனம் ஏங்க வேண்டும், போதைக்காக அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இங்கே அது இல்லை. ஆனால் உடம்பு பழகியிருக்கிறது என்பது உண்மை. ‘ஒன்றும் ஆகாது’ என்று தட்டிக்கழிப்பதும் தப்பு. சிலருக்கு இறங்க மாதங்கள்கூட ஆகும். வாரக்கணக்கில் பைய அளவைக் குறைத்து வருவதுதான் முறை.

இன்னொரு குழப்பம்: நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்து, கரண்ட் அடிக்கிற உணர்வோடு இருந்தால் அது பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு. ஓரிரு மாதம் கழித்துத் தூக்கமும் பிடிப்பும் மெல்லக் கழன்றால் நோய் திரும்புவதாக இருக்கலாம். பிரிட்டனில் 478 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், நன்றாகத் தேறிய பிறகு மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும், குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தால் நிச்சயப் பாதுகாப்பு என்றும் இல்லை, நிறுத்தினால் நிச்சயம் திரும்பும் என்றும் இல்லை. குணமானபின் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வதும், பலமுறை வந்தவர்களை இரண்டு வருடமோ அதற்கு மேலோ தொடரச் சொல்வதும் இதனால்தான்.

பூ வியாபாரியின் அந்த அட்டையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கண் முன்னால் அவருடைய மருத்துவருக்கு போன் போட்டேன். பாதி மாத்திரையாக, சாப்பிட்ட பிறகு, ஒரு வாரத்துக்கு என்றார். அதன்பிறகு வியாபாரி மாதாமாதம் வந்தார். ஆனி மாதத்தில் ஒரு நாள் மாத்திரையைப் பற்றி எதுவும் பேசாமல், மல்லி விலையைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். இடையில் ஒரு தடவை, “தொப்பை போடுதுண்ணே, இதுவும் மாத்திரையா?” என்று கேட்டார். பரோட்டாவாகவும் இருக்கலாம் என்றேன்.

போன வாரம் புதுச் சீட்டோடு வந்தார். தினம் பாதி, இரண்டு வாரம், பிறகு வந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தது. “ஏழு மட்டும் வெட்டிக் குடுங்கண்ணே” என்றார். வெட்டிக் கொடுத்தேன். மிச்சம் மூன்று இப்போது என் அலமாரியில் இருக்கிறது.